கைபடாத பாத்திகள்

அந்தத் தெருவில் கொத்தனாருக்கு ‘நூல்’ என்று பட்டப்பெயர். நாலு செங்கல் அடுக்குவதானாலும் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, நூல் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுப்பார். கோழிக்கூண்டு கட்டச் சொன்னாலும் அதே கதைதான். “கோழிக்கு என்னங்க தெரியப் போகுது, கோணலா நேரான்னு?” என்று கூண்டுக்காரர் அலுத்துக்கொண்டால், “கோழிக்குத் தெரியாதுங்க. தினமும் இந்த வழியா போற எனக்குத் தெரியும்ல?” என்பார். கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், யாரையும் ஏய்க்க மாட்டார். தன் கையால் செய்த ஒன்று நேராக நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷம்கூட இரண்டு வருடமாக அவரை விட்டுப் போயிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. உடம்பில் ரத்தம் போதாது என்று டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் அரை நாள் பயணம். அங்கே கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் ஒரு பாயில் கிடந்தாள். பிறந்த குழந்தை ஒரு சாயங்காலம்கூட இருக்கவில்லை. திரும்பி வந்த பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. வேலை செய்யும்போது சீட்டி அடிப்பது கொத்தனாரின் பழக்கம். அது நின்றுபோனது. நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்தாள்.

இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார்.

“ரத்த அளவு எட்டுதான் இருக்கு. பத்துக்கு மேல வந்தாத்தான் பிரசவத்தை இங்கேயே வச்சுப் பார்க்க முடியும். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்.”

“அந்த வராந்தாவுக்கு நான் மறுபடி போக மாட்டேன்” என்றாள் மனைவி. சத்தமாகச் சொல்லவில்லை. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“போகாம இருக்கணும்னா சாப்பிடணும். குடுத்த மாத்திரையைப் போடறீங்களா?”

“போட்ட உடனே வாந்தி வந்துடுதுங்க.”

“வெறும் வயித்துல போட்டா வரத்தான் செய்யும். நல்லா சாப்பிட்டுட்டுப் போடுங்க. தினமும் ஒரு கை கீரை, கொஞ்சம் பயறு, முடிஞ்சா ஒரு முட்டை. கூடவே தக்காளியோ எலுமிச்சையோ புளிப்பா ஏதாவது. அப்பதான் உடம்புல ஒட்டும்.”

“கீரைக்கு நாங்க எங்கம்மா போறது?” என்றார் கொத்தனார். “காய்கறி வண்டிக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை வர்றார். அவர் இங்க வந்து சேர்றதுக்குள்ள அந்தக் கீரைக்கே மயக்கம் வந்துடுது.”

நர்ஸம்மா சிரித்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து சின்னச் சின்ன விதைப் பொட்டலங்களை எடுத்து அவர் கையில் வைத்தார். “வீட்டுக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் சும்மாத்தானே கிடக்குது? ஊருக்கெல்லாம் வீடு கட்டுறீங்க. உங்க வீட்டம்மாவுக்கு நாலு பாத்தி கட்ட மாட்டீங்களா?”

அப்படிக் கேட்டதுதான் தாமதம். மறுநாளே ஆணியும் நூலும் வெளியே வந்தன.

வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவரை ஒட்டி இருந்த இடத்தில், உடைந்த செங்கல்லை நிறுத்தி வைத்து, ஓரம் பூசி, எட்டுப் பாத்தி கட்டினார். பாத்திக்குப் பாத்தி ஒரே அகலம். நடுவில் ஒரு ஆள் நடக்கிற பாதை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தானாகப் போகும்படி வாட்டம் கொடுத்தார். தண்டுக்கீரைக்கு இரண்டு, பசலைக்கு இரண்டு, தக்காளிக்கு இரண்டு, அவரைக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று. தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும் வளர்ந்த நாற்றாக வாங்கி நட்டார். விதையைக்கூடத் தூவவில்லை. குச்சியால் கோடு போட்டு, கோட்டின் மேல் விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா வீடு. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். காலையிலிருந்து இருட்டும் வரை அவள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அவளும் நர்ஸம்மா கொடுத்த விதையை ஒரு மாதம் முன்பே போட்டிருந்தாள். ஆனால் பாத்தி கட்ட நேரமில்லை, ஆளும் இல்லை. உடைந்த வாளி, காற்றுப் போன டயர், ஓட்டைச் சாக்கு என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் மண்ணை நிரப்பி விதையை வீசியிருந்தாள். அவரைக்கொடி துணி காயப்போடும் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. அரிசி கழுவிய தண்ணீரை அவள் வாசலில் நின்றபடியே விசிறுவாள். எந்த வாளிக்கு விழுகிறதோ அதன் அதிர்ஷ்டம்.

“என்னம்மா இது, குப்பைக்கு நடுவுல செடியா, செடிக்கு நடுவுல குப்பையா?” என்று கொத்தனார் ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார்.

“குப்பையில வளர்ந்தாலும் கீரை கீரைதான் அண்ணே. உங்க வீட்டுப் பாத்தியைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணுமோ?”

“நேரா இருந்தா கண்ணுக்கு அழகா இருக்கும்ல?”

“எங்க வீட்டுல நேரா இருக்கிறது தையல் ஒண்ணுதான். அதுக்கு மட்டும்தானே கூலி குடுக்கிறாங்க!”

கொத்தனார் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்று மாலை பாத்திக்குத் தண்ணீர் விடும்போது கொத்தனார் சீட்டி அடித்தார்.

கீரை முளைத்தது. கோடு போட்ட மாதிரி முளைத்தது. சிவந்த தண்டும் பச்சை இலையுமாக வரிசை வரிசையாக எழும்பி நின்றபோது, தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செய்தி தோட்டக்கலைத் துறை ஆபீசர் காதுக்குப் போய், அவரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தார்.

“அடடா! பாத்தின்னா இதுதான் பாத்தி. அடுத்த வாரம் நாலஞ்சு ஊர்லேருந்து பெண்களைக் கூட்டிட்டு வரேன். வீட்டுத் தோட்டம்னா எப்படி இருக்கணும்னு அவங்களும் பார்க்கட்டும். இதை அப்படியே வச்சிருங்க கொத்தனாரே.”

‘அப்படியே வச்சிருங்க’ என்று அவர் சொன்னது, விருந்துக்கு வந்தவர் கை கழுவும்போது ‘சாப்பாடு பிரமாதம்’ என்று சொல்வதைப் போன்ற பேச்சு. வண்டியைக் கிளப்பும்போதே அவருக்கு அது மறந்திருக்கும். கொத்தனாருக்கு மறக்கவில்லை.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தரை பூசி முடித்ததும் வாசலில் குறுக்கே ஒரு பலகையை வைத்துவிடுவார். வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையை ஆட்டும்வரை அந்தத் தரையில் யார் காலும் படக்கூடாது. ஒரு முறை வீட்டுக்காரரின் மாமனாரையே வெளியே வெயிலில் நிறுத்தி வைத்து, அந்த வீட்டில் ஒரு சண்டையே மூண்டது. முடித்த வேலையைப் பார்க்க வேண்டியவர் பார்ப்பதற்கு முன்னால் புழங்குவது அவரைப் பொறுத்தவரை வேலைக்குச் செய்யும் அவமரியாதை. சிமெண்டு வேலைக்கு அது நல்ல வழக்கம்தான். காத்திருக்கக் காத்திருக்க சிமெண்டு இறுகும். கீரையும் அப்படி இறுகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஆபீசர் போன சாயங்காலமே பாத்திப் பாதையின் வாயில் குறுக்கே ஒரு பலகை வந்தது.

“என்னங்க, இன்னைக்குக் கொஞ்சம் கீரை கிள்ளட்டுமா?” என்று மனைவி கேட்டாள்.

“ஒரு வாரம் பொறுத்துக்கோம்மா. நடுவுல கிள்ளினா வரிசை விட்டுப்போகும். பல்லு விழுந்த மாதிரி தெரியும். அவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் எல்லாமே உனக்குத்தானே? அதுவரைக்கும் வண்டியில வாங்கிட்டு வரேன்.”

வாங்கியும் வந்தார். மறக்கவே மாட்டார். வாரத்துக்கு ஒரு நாள், வெயிலில் துவண்ட கீரைக் கட்டு ஒன்று. அது இரண்டு வேளைக்கு வந்தது. மற்ற நாட்களில் சோறும் குழம்பும். அவர் விடிவதற்கு முன் வேலைக்குப் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். நடுவில் அவள் என்ன சாப்பிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டால், “சாப்பிட்டேங்க” என்பாள்.

அடுத்த வாரம் மழை. ஆபீசர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவருக்கு ஏதோ கூட்டமாம். பிறகு வேன் கிடைக்கவில்லையாம். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் கொத்தனார் பலகையை எடுக்க நினைப்பார். ‘இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு வாரம்தானே’ என்று விட்டுவிடுவார். தக்காளி பழுத்து, ஒன்றிரண்டு தானாகக் கீழே விழுந்தன. விழுந்ததை மட்டும் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். நல்லவர்கள் செய்கிற தவறு இப்படித்தான் இருக்கும். தவறு மாதிரியே தெரியாது. ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு நியாயம் கிடைத்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டுச் செடிகளோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தன. வாளிகளில் வெறும் தண்டுகள் நின்றன. தளிர் விட்டால் மறுநாளே காணோம். கயிற்றில் ஏறிய அவரைக்கொடியில் பிஞ்சுகூட மிஞ்சவில்லை.

“என்னம்மா, தோட்டத்துக்கு மொட்டை போட்டுட்டியா?” என்றார் கொத்தனார்.

“ஆமாண்ணே. வேர்வை தாங்கலையாம்” என்றாள் தையல்காரம்மா. வாயில் ஊசி இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை.

ஏழாம் மாதம் பிறந்தது. அந்த மாதத்தின் பெயரைக்கூடக் கொத்தனார் வாயால் சொல்ல மாட்டார். சுகாதார நிலையத்துக்கு மனைவியோடு போன அன்று, வழியெல்லாம் உதட்டுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வேறெதுவும் கேட்கவில்லை. ‘அந்த வராந்தா வேண்டாம்’ என்று மட்டும் கேட்டார்.

நர்ஸம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“ஒன்பதரை! பரவாயில்லையே! வாந்தி நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சுங்க. சாப்பிட்டதும் போடறேன். தங்குது.”

“கீரை?”

“தினமும் சாப்பிடறேங்க.”

“எல்லாம் நம்ம தோட்டத்துக் கீரைதானே கொத்தனாரே? ஆபீசர் படம் காட்டினார். பார்க்கவே பசுமையா இருந்துச்சு.”

வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொத்தனார் வாயிலிருந்து “ஆமாங்க” என்று வந்துவிட்டது. மனைவி தரையைப் பார்த்தாள்.

“குடுத்து வச்ச பொண்ணு” என்றாள் வரிசையில் ஒருத்தி. “என் வீட்டுக்காரர் ஒரு மிளகாய்ச் செடி வச்சுக் குடுத்தார். அதுவும் ஆடு தின்னுடுச்சு.”

“ஆட்டுக்காவது ரத்தம் ஊறியிருக்கும்” என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

“நாளைக்கு உங்க தெருப் பக்கம்தான் வரேன். தோட்டத்தை நேர்ல பார்க்கணும்” என்றார் நர்ஸம்மா.

திரும்பி வரும்போது கொத்தனார் தானாகவே பேசினார். “வண்டிக் கீரையும் கீரைதானே? வெயிட் பண்ணினதால ஒண்ணும் கெட்டுப்போகலை பார்த்தியா? ரத்தம் ஏறியிருக்கு. நாளன்னைக்கு அந்தப் பெண்கள் குழு கட்டாயம் வருதாம். ஆபீசர் போன் பண்ணிட்டார்.”

அவள் இரண்டடி பின்தங்கி நடந்தாள். களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நர்ஸம்மா வந்தபோது கொத்தனார் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். பலகையை நகர்த்தி, பாதையைக் காட்டி, “வாங்க” என்றார். நர்ஸம்மா செருப்போடு உள்ளே வந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தண்டுக்கீரைப் பாத்திக்கு முன்னால் குனிந்தார். ஒரு செடியின் தண்டை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார். அடுத்த செடியையும் அப்படியே பார்த்தார். நுனியில் கதிர் மாதிரி பூ நீட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாம் பூ விட்டுடுச்சே.”

“நல்லா வளர்ந்திருக்குல்ல?”

“நல்லாத்தான் வளர்ந்திருக்கு. ஆனா ஒண்ணுலகூட வெட்டுக்காயம் இல்லையே, கொத்தனாரே. ஒரு தடவை கிள்ளியிருந்தா அந்த இடத்துல ரெண்டு கிளை பிரிஞ்சிருக்கும். இது எல்லாமே ஒத்தைத் தண்டா போயிருக்கு.” நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை. நிமிர்ந்து, வாசலில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். “வாரத்துக்கு ஒரு கட்டுக் கீரையில ஒன்பதரை வராதும்மா. நீ என்னதான் சாப்பிட்டே?”

கொத்தனாரும் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவருக்கும் பதில் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க” என்றாள் அவள். “தினமும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது.

நர்ஸம்மா எல்லாம் புரிந்தவர் மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏசவில்லை. போகும்போது, “கதிரை ஒடிச்சுப் போட்டுட்டு நுனியை மட்டும் கிள்ளினா இன்னைக்குக்கூடச் சமைக்கலாம். அடித்தண்டு முத்திப்போச்சு, அது வேகாது” என்று மட்டும் சொன்னார். “இன்னும் அரை ஏறணும். ஞாபகம் வச்சுக்குங்க.”

அவர் போன பிறகு கொத்தனார் செங்கல் ஓரத்தில் உட்கார்ந்தார். தான் பூசிய ஓரத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

“ஒரு நாள் காலையில பின்பக்கம் நின்னு வாந்தி எடுத்துட்டு இருந்தேன். அந்தக்கா சுவரோரம் வந்து பார்த்தாங்க. ‘வெறும் வயித்தோட மாத்திரை போட்டியா’ன்னு கேட்டாங்க. அவங்க பிள்ளைங்களுக்கு வச்சிருந்த கீரையையும் பயறையும் ஒரு கிண்ணத்துல கொண்டு வந்து, நான் சாப்பிடற வரைக்கும் நின்னாங்க. அன்னைக்கு மாத்திரை தங்குச்சு. அதுலேருந்து தினமும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனதும் கிண்ணம் வந்துடும்.”

“நான் கேட்டது அது இல்லை. நம்ம தோட்டத்துல பறிக்கணும்னு ஏன் நீ என்கிட்ட சண்டை போடலை?”

செங்கல் ஓரத்தில் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

“போட்டிருந்தா நீங்க பறிச்சுக் குடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க சீட்டி அடிச்சது இந்தப் பாத்திக்கு முன்னாடிதான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலைங்க. உங்களுக்கும் ஏதாவது ஒண்ணு நேரா நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

கொத்தனார் எழுந்து சுவரோரம் போனார். அந்தப் பக்கம் பார்த்தார். இத்தனை நாள் கேலியாகப் பார்த்த வாளிகளும் டயர்களும்தான். ஒவ்வொரு தண்டிலும் கிள்ளிய தழும்பு. தழும்புக்குக் கீழே இரண்டு கிளை, அதிலும் தழும்பு. மொட்டையாக நின்ற அந்தச் செடிகளில் ஓர் இலைகூட வீணாகவில்லை. அவள் பிள்ளைகள் இரண்டும் பாதி வயிற்றுக்குத் தின்ற கீரையின் மறு பாதி எங்கே போனது என்பது அவருக்கு இப்போது தெரிந்தது. ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு அவர் ஏழையாகத்தான் தெரிவார். கடவுளின் கண்ணுக்கு எப்படித் தெரிவார் என்பது வேறு விஷயம்.

அவர் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தார்.

“நாளைக்கு அவங்க வராங்களே” என்றாள் மனைவி.

“வரட்டும்.”

இரண்டு பேருமாக அறுத்தும் கிள்ளியும் எடுத்தார்கள். வரிசையாக நின்றதில் பாதி முத்திப்போயிருந்தது. பசலை இலைகள் தடித்து மஞ்சளாகியிருந்தன. கத்தரிக்காய் விதை முற்றிக் கசப்பேறியிருந்தது. தக்காளியில் நல்லது, அழுகியது என்று பிரிக்க வேண்டியிருந்தது. எட்டுப் பாத்தியிலும் தேறியது இரண்டு முறம். அவர் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. காத்திருந்த நாட்களின் விலை அது என்று அவர் மனதில் நினைத்துக்கொண்டார்.

ஒரு முறத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டு, இன்னொன்றைச் சுவருக்கு மேலே வைத்தார்.

தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். முறத்தைப் பார்த்தாள். வெறிச்சோடிப்போன பாத்திகளைப் பார்த்தாள்.

“அய்யய்யோ, என்னண்ணே இது? யாரோ குதிரையை உள்ள விட்ட மாதிரி இருக்கு!”

“பிள்ளைங்களுக்குச் சமைச்சுக் குடும்மா.”

“இவ்வளவையுமா? நாங்க மூணு பேர்தான்.”

“இத்தனை நாள் நீ நாலு பேருக்குச் சமைச்சிருக்கே.”

அவள் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “அதெல்லாம் ஒரு விஷயமா? எனக்கு மூத்தவ வயித்துல இருந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. அப்போ ஒரு கை கீரை குடுக்க ஆள் இல்லை. அது ஞாபகம் வந்துச்சு, குடுத்தேன்.” பிறகு அவளுக்கே உரிய குரல் திரும்பியது. “இதுக்காக என் வாளியை எல்லாம் வரிசையா அடுக்கித் தரேன்னு கிளம்பிடாதீங்க. எனக்கு இப்படி இருந்தாத்தான் எது எங்க இருக்குன்னு தெரியும்.”

“மாட்டேன்மா” என்றார் கொத்தனார். கொஞ்சம் தயங்கி, “ஒண்ணு கேக்கலாமா? இந்த முத்தின தண்டை என்ன செய்யறது?” என்றார்.

“பிடுங்கிட்டு மறுபடி விதைங்க. இந்தத் தடவை கோடு போடாதீங்க, விசிறுங்க. கையை இப்படி வச்சுக்கிட்டு… கோழிக்குத் தீனி போடற மாதிரி.”

மறுநாள் வேன் வந்தது. ஆபீசர் முதலில் இறங்கி, பெண்களைப் பார்த்து, “இப்ப ஒரு தோட்டம் பார்ப்பீங்க பாருங்க!” என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பாத்திகளில் பாதி வெறும் மண்ணாக இருந்தது. மீதியில் நுனி இழந்த தண்டுகள் ஏறுக்கு மாறாக நின்றன.

“என்னாச்சு கொத்தனாரே? பூச்சி விழுந்துடுச்சா?”

“இல்லைங்க. சாப்பிட்டுட்டோம்.”

“எல்லாத்தையுமா? அப்படியே வச்சிருங்கன்னு சொல்லியிருந்தேனே!”

“வச்சிருந்தேங்க. அதுதான் தப்பாப் போச்சு.”

ஆபீசர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வந்த பெண்களில் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றவள், பாத்தியைத் தாண்டி நேராகக் கொத்தனார் மனைவியிடம் போனாள்.

“எத்தனாவது மாசம்?”

“ஏழு.”

“மாத்திரை ஒத்துக்குதா? எனக்குப் போட்டா குமட்டிக்கிட்டே இருந்துச்சு.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்போ சாப்பிட்டதும் போடறேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, கீரையை வேக வச்சு அதுல ஒரு தக்காளியைப் பிழிஞ்சு விடணும்னு.”

“எந்த அக்கா?”

கொத்தனார் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். பெண்கள் ஒவ்வொருத்தராகச் சுவரோரம் போய் நின்றார்கள். தையல்காரம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. “இது தோட்டம் இல்லைம்மா, குப்பை. கொத்தனாரைக் கேட்டுப் பாருங்க” என்றாள். கொத்தனார் வேனில் வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அன்று ஆபீசர் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அவர் வேறு ஊரில் வேறு தோட்டத்தைத் தேடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் காட்ட ஒன்று தேவைப்பட்டது.

கொத்தனார் விசிறிய விதை முளைத்தது. ஒரு பக்கம் அடர்த்தியாகவும் ஒரு பக்கம் சொட்டையாகவும் முளைத்தது. அவருக்கு அதைப் பார்க்கவே கூசியது. ஆனாலும் விரல் நீளம் வந்ததும் தினமும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு கை கிள்ளி அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் போனார். சில நாள் இளசாகவே கிள்ளிவிடுவார். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாமேங்க” என்பாள் மனைவி. “வேண்டாம்மா. விட்டா மறுபடி எனக்கு ஆசை வந்துடும்” என்பார்.

இடையில் ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். எதுவும் இறங்கவில்லை. அந்த வாரம் கொத்தனார் வேலைக்குப் போகவில்லை. தையல்காரம்மாவின் மூத்த பெண் சாயங்காலம் வந்து கொத்தனார் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். அவள் வாய் ஓயாமல் படிக்கிற சத்தத்தில், நோயாளி ஒரு கவளம், இரண்டு கவளம் என்று விழுங்கிவிடுவாள். பெரிய உதவிகளுக்குப் பெரிய ஆட்கள் வேண்டும். இப்படிப்பட்டதற்கு, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தாலே போதும்.

ஒன்பதாம் மாதம் நிறைகிற சமயத்தில் கடைசிப் பரிசோதனை. காய்ச்சல் வந்ததால் கொத்தனாருக்கு நம்பிக்கை பாதிதான் இருந்தது. இந்த முறை அவர் கடவுளிடம் வராந்தாவைப் பற்றிப் பேசவில்லை. ‘எதுவானாலும் கூட இருக்கிற மனசைக் குடு’ என்று கேட்டுக்கொண்டார்.

நர்ஸம்மா விரலில் குத்தினார். பார்த்தார்.

“பத்தே கால்.”

இருவருக்கும் சரியாகக் கேட்டோமா என்கிற சந்தேகம்.

“பத்தே கால்” என்று நர்ஸம்மா மறுபடி சொன்னார். “அதிகம் ஒண்ணும் இல்லை, ஆனா போதும். வலி எடுத்தா நேரா இங்கேயே வந்துடுங்க. ராத்திரியானாலும் நான் இருப்பேன்.”

கொத்தனார் மனைவி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள்.

வெளியே வந்ததும், “பசிக்குதுங்க” என்றாள்.

வீட்டுக்குப் போக இன்னும் நடை இருந்தது. கொத்தனார் பையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து, சுகாதார நிலையத்துப் படியிலேயே அவளை உட்கார வைத்தார். உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் ஒதுங்கி நடந்தார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து மாத்திரையை விழுங்கியதும் கொத்தனார் தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டார்.

“போலாமா?”

“கொஞ்சம் இருங்க” என்றாள் அவள். “உதைக்குது.”

அவர் அவளுக்குக் கீழே உள்ள படியில் உட்கார்ந்து காத்திருந்தார்.